மலையில் லேக், விண்வெளியில் சண்டை: வாசகர் கேள்வி – பதில்

ஈவ் ஆன்லைன், எலீட் டேஞ்சரஸ் ஆகிய விண்கல விளையாட்டுகளில் ஆளுக்கு ஆள் மோதும் சண்டை பற்றி நீலகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். ஏறக்குறைய எல்லாக் கேள்விகளிலும் லேக் (இணைப்புத் தாமதம்) வருகிறது. அதனால் இணைப்பையும் சண்டையையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஈவ் ஆன்லைன் ஆடுகிறேன். எனக்கு பிங் (தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரம்) 210 மில்லி விநாடி. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு 20தான் என்கிறார்கள். இப்படி இருந்தால் நான் எப்போதாவது ஜெயிக்க முடியுமா? – கல்லூரி மாணவர், குன்னூர்

முடியும். அதற்குக் காரணம் அந்த விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஈவ் சர்வர் லண்டனில் இருக்கிறது. குன்னூரிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 8,100 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடும். போய்வர 16,200 கி.மீ. என்றால் 81 மில்லி விநாடி. கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல் என்று சுற்றிப் போகிறது, வழியில் பல இடங்களில் கைமாறுகிறது. ஆகவே 81-க்குக் கீழே யாராலும் கொண்டுவர முடியாது. 200-ஐ ஒட்டி வருவது இயல்பு. எவ்வளவு விலை கொடுத்துப் புதுக் கணினி வாங்கினாலும் இந்த எண் மாறாது.

ஆனால் ஈவ், துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளைப் போல ஓடுவதில்லை. சர்வர் விநாடிக்கு ஒரு முறைதான் கப்பல்களின் நிலையைக் கணக்கிடுகிறது. இதை டிக் என்பார்கள். நீங்கள் அழுத்திய கட்டளை அடுத்த டிக் வரைக்கும் காத்திருக்கும். ஐரோப்பியருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் 190 மில்லி விநாடி. அவர் பார்த்து, முடிவெடுத்து, அழுத்தும் அதே வேகத்தில் நீங்களும் செய்தால், நூற்றுக்கு 19 முறை நீங்கள் ஒரு டிக் பின்தங்குவீர்கள். மீதி 81 முறை இருவர் கட்டளையும் ஒரே டிக்கில்தான் நிறைவேறும். ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும் ஃப்ரிகேட் (சிறிய போர்க்கப்பல்) சண்டையில் இது தோல்விக்கான காரணமே அல்ல. தூரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலும் காரணம். அதைக் கப்பல் பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்கிறோம்.

இன்னொன்று. நிலையான 210-உடன் பழகிவிடலாம். 150-க்கும் 900-க்கும் இடையே ஆடுகிற பிங்கோடு யாராலும் பழக முடியாது. முதலில் சரிசெய்ய வேண்டியது அந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

கேள்வி: எனக்கு பிங் நிலையில்லாமல் ஆடுவதுதான் பிரச்சினை. பகலில் 190. இரவு ஆனால் 600, 900 என்று எகிறுகிறது. சில சமயம் எல்லாம் அப்படியே நின்று, பிறகு ஒரேயடியாக ஓடுகிறது. கம்பெனிக்குப் போன் செய்தால் ‘ஸ்பீடு சரியாக இருக்கிறது’ என்கிறார்கள். – கோத்தகிரி

வேகம் சரியாகவே இருக்கலாம். வேகம் வேறு, தாமதம் வேறு. மூன்று இடங்களுக்கு பிங் அடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 100 முறை.

முதலில் உங்கள் ரவுட்டருக்கு (பெரும்பாலும் 192.168.1.1). இது 1 முதல் 3 மில்லி விநாடிக்குள் நிற்க வேண்டும். இங்கேயே 40, 80 என்று துள்ளினால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கும் வைஃபை. அடுத்து, டிரேஸ்ரூட் (தகவல் போகும் வழியைக் காட்டும் கட்டளை) ஓட்டினால் இரண்டாவது வரியில் வரும் முகவரிக்கு. அது கம்பெனியின் முதல் கருவி. ரவுட்டர் அமைதியாக இருந்து இங்கிருந்து துள்ளத் தொடங்கினால் உங்கள் வீட்டுக்கு வரும் லைனில் கோளாறு. மூன்றாவதாக 8.8.8.8 (கூகுளின் பொதுச் சர்வர்). முதல் இரண்டும் அமைதியாக இருந்து இது மட்டும் இரவு 8 முதல் 11 வரை ஆடினால், மலையிலிருந்து கீழே இறங்கும் பாதையில் நெரிசல். அந்த அட்டவணையை நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். ‘மெதுவாக இருக்கிறது’ என்ற புகாரைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

வைஃபை என்றால் ஒரே நல்ல தீர்வு கேபிள். பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் குவார்ட்டர்ஸிலும் கருங்கல் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும்; 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டாது. கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்கு 20 மீட்டர் போதும். ஜன்னல் சட்டத்தின் ஓரமாக உள்ளேயே கொண்டுபோங்கள். சுவருக்கு வெளியே இழுத்தால், சித்திரை–வைகாசியிலும் ஐப்பசியிலும் இடி இடிக்கும்போது ரவுட்டரும் கணினியும் சேர்ந்து போகும். கேபிள் முடியவே முடியாது என்றால், ரவுட்டரும் கணினியும் ஒரே அறையில் இருக்கும்படி செய்து 5 கிகாஹெர்ட்ஸ் வையுங்கள். அறை தள்ளி இருந்தால் 2.4-இல் 1, 6, 11 ஆகிய சேனல்களில் எது காலியாக இருக்கிறதோ அது. ‘ஆட்டோ’வில் விடாதீர்கள், சண்டை நடுவில் சேனல் மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும்.

இரவில் மட்டும் எகிறுவதற்கு வீட்டுக்குள் இன்னொரு காரணம் உண்டு. அதை யாரும் சந்தேகிப்பதில்லை. யாராவது ஒருவருடைய போன் அன்றைய படங்களையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். ஏற்றும் வேகம் 4 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். ரவுட்டரின் வரிசையில் 1 எம்பி தேங்கினால் அது 8 மெகாபிட். வெளியேற 2 விநாடி. உங்கள் ‘சுடு’ என்ற சின்ன பாக்கெட் (தகவல் துண்டு) அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. சோதனை எளிது: பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய வீடியோவை மேலே ஏற்றுங்கள். பிங் 100-க்கு மேல் கூடினால் இதுதான் நோய்.

மருந்து, எதை முன்னால் விடுவது என்று ரவுட்டரில் தீர்மானிக்கும் கியூஓஎஸ் என்ற அமைப்பு. ஏற்றும், இறக்கும் வேகம் இரண்டையும் உண்மையில் அளந்த வேகத்தில் 85 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். 40 கிடைத்தால் 34. அப்போது வரிசை கம்பெனியின் கருவியில் தேங்காமல் உங்கள் ரவுட்டரிலேயே நிற்கும். ரவுட்டர் சின்ன பாக்கெட்டை முன்னால் விடும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளைப் போட முடிந்த ரவுட்டர் என்றால் அதில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் தொகுப்பைச் சேர்த்து ‘கேக்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். இதைவிடச் சிறந்த செலவில்லாத வைத்தியம் இல்லை. அப்படிப்பட்ட ரவுட்டர் இல்லையா? போன்களில் பேக்கப்பை நள்ளிரவு 1 மணிக்கு மேல் தள்ளி வையுங்கள். வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும்.

‘நின்று பிறகு ஒரேயடியாக ஓடுகிறது’ என்றீர்கள். அது பாக்கெட் இழப்பின் அடையாளம். ஈவ், டிசிபி முறையில் பேசுகிறது. ஒரு பாக்கெட் தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் வாசலில் நிற்கும். 100 பிங்கில் இரண்டு தொலைந்தாலே சண்டையில் தெரியும். ஃபைபர் இணைப்பு என்றால் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆர்எக்ஸ் பவர்’ (வந்து சேரும் ஒளியின் பலம்) என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நலம். மைனஸ் 27-ஐத் தொட்டால் விளிம்பில் நிற்கிறீர்கள்: கற்பூர மரக்கிளை கேபிளை அழுத்தியிருக்கலாம், இணைப்பு முனையில் ஈரம் ஏறியிருக்கலாம், அல்லது வீட்டுக்குள்ளேயே மஞ்சள் வயர் கதவிடுக்கில் மடங்கியிருக்கலாம். கடைசியதை நீங்களே சரிசெய்யலாம். வளைவு ஒரு டீ டம்ளரின் வட்டத்தைவிடச் சிறுக்கக் கூடாது.

கேள்வி: ஆனி, ஆடி வந்தால் எங்கள் பக்கம் கரண்டும் போகும், நெட்டும் போகும். சண்டை நடுவில் போனால் கப்பல் என்ன ஆகும்? 4ஜி வைத்துச் சமாளிக்கலாமா? மேகம் இறங்கினால் அதுவும் போய்விடுகிறதே. – பந்தலூர்

ஈவ் விளையாட்டில் இணைப்பு அறுந்ததும் கப்பல் தானாகவே 10 லட்சம் கி.மீ. தள்ளி வார்ப் செய்ய (பெருவேகத்தில் பாய) முயலும். எதிரி உங்களை ஸ்கிராமில் (வார்ப்பைத் தடுக்கும் கருவி) பிடித்திருந்தால் அது நடக்காது. நின்ற இடத்திலேயே அடிவாங்கும். சக ஆட்டக்காரரோடு மோதிய கணக்கு இருந்தால், இணைப்பு போன பிறகும் 15 நிமிடம் கப்பல் விண்வெளியில் கிடக்கும். ஸ்கேன் செய்து தேடி வந்து அடிக்க அது தாராளமான நேரம். அதனால் உடனே மறுபடி உள்ளே வருவதுதான் வழி.

ரவுட்டருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் மினி யூபிஎஸ் வாங்குங்கள். அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். 12 வோல்ட் 1 ஆம்பியர் என்றால் அதிகபட்சம் 12 வாட். 40 வாட்–மணி பேட்டரி மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட்டைக் கொடுத்தால் எரிந்துபோகும். உங்கள் வீட்டில் பவர் இருந்தும் நெட் போகிறதென்றால், லோக்கல் ஆபரேட்டர் தெருக்கம்பத்துப் பெட்டியில் கரண்டில் ஓடும் ஸ்விட்ச் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். கண்ணாடிப் பிரிப்பான் மட்டும் உள்ள லைனுக்குத் தெருவில் கரண்ட் தேவையில்லை. இணைப்பு எடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

மேகம் 4ஜி அலையை ஒன்றும் செய்வதில்லை. நனைந்த மரங்கள் கொஞ்சம் குறைக்கும். பெரும்பாலும் நடப்பது வேறு: மலை டவர்கள் பலவற்றுக்கு நெட் கொண்டுவரும் பின்னிணைப்பு மைக்ரோவேவ் தட்டு வழியாக வருகிறது, கனமழை அந்த உயர் அலைவரிசையை விழுங்கிவிடுகிறது. போனில் நான்கு கோடு காட்டும், நெட் ஓடாது. இதற்கு நீங்கள் செய்யக்கூடியது இன்னொரு டவரைப் பார்ப்பதுதான். ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* அழுத்தி சிக்னல் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 90 நல்லது, மைனஸ் 105-க்குக் கீழே சண்டைக்கு ஆகாது. தகரக் கூரைக்கு அடியில் வைக்காமல், பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னலில் 4ஜி ரவுட்டரை வையுங்கள்.

ஃபைபர் போனால் தானாக 4ஜிக்கு மாறும் ரவுட்டரை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். மாறும் நொடியில் உங்கள் ஐபி முகவரி மாறுகிறது, பழைய டிசிபி இணைப்பு செத்துவிடுகிறது, விளையாட்டு உங்களை வெளியே தள்ளிவிடும். காற்று பலமாக அடிக்கும் நாளில், ஆரம்பத்திலேயே எது நிலையாக இருக்கிறதோ அதில் ஏறிக்கொள்ளுங்கள், பிங் எண் கூடுதலாக இருந்தாலும்.

கேள்வி: ஈவ் விளையாட்டில் லேக் உள்ளவர் எந்தக் கப்பலில் தொடங்கலாம்? எல்லாரும் ‘தூரத்தில் நின்று அடி’ என்கிறார்கள். எனக்குப் பிடிபடவே இல்லை. – ஊட்டி

அந்த ஆலோசனை உங்களுக்குப் பொருந்தாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தூரத்திலிருந்து அடிப்பவர் 24 கி.மீ. எட்டும் டி2 (இரண்டாம் தரக் கருவி) வார்ப் டிஸ்ரப்டரோடு, அதாவது தூரத்திலிருந்தே வார்ப்பைத் தடுக்கும் கருவியோடு, மைக்ரோவார்ப் டிரைவ் என்ற அதிவேக எஞ்சினில் ஓடுகிறார். எதிரியின் டி2 ஸ்கிராம் 9 கி.மீ. எட்டும், ஓவர்ஹீட் செய்தால் (அளவுக்கு மீறிச் சூடேற்றி இயக்கினால்) 10.8. அது பட்ட நொடியில் மைக்ரோவார்ப் அணைந்துவிடும், ஆட்டம் முடிந்தது. ஆக, உங்களுக்கு இருக்கும் இடைவெளி சுமார் 13 கி.மீ. எதிரி விநாடிக்கு 3 கி.மீ. வேகத்தில் நெருங்கினால் அது நாலே நாலு டிக். அதில் ஒன்றை லேக் தின்றுவிட்டால் கால்வாசி போச்சு. இரண்டாவது டிக்கில் நீங்கள் பார்ப்பது பழைய படம்.

இப்போது நெருக்கச் சண்டை. இருவரும் ஸ்கிராமும் வெப்பும் (எதிரியின் வேகத்தைக் குறைக்கும் கருவி) போட்டுக்கொண்டார்கள். மைக்ரோவார்ப் யாருக்கும் இல்லை, ஆஃப்டர்பர்னர் என்ற மிதவேக எஞ்சின் மட்டும். வேகம் விநாடிக்குச் சில நூறு மீட்டர். ஒரு டிக் தவறினால் இழப்பு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. மேலும் ‘ஆர்பிட்’ (எதிரியைச் சுற்றிவா), ‘கீப் அட் ரேஞ்ச்’ (சொன்ன தூரத்தில் நில்) கட்டளைகளைச் சர்வரே நடத்துகிறது. ஒரு முறை சொல்லிவிட்டால் உங்கள் பிங் 20 ஆனாலும் 400 ஆனாலும் கப்பல் ஒரே மாதிரிதான் சுற்றும். லேக் உள்ளவருக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை.

அதனால் தொடக்கத்துக்கு இரண்டு கப்பல்கள். கெஸ்ட்ரல்: ராக்கெட் ஏவும், பீரங்கிபோல் குறி தப்பாது, எதிரியின் வேகமும் உருவ அளவும் சேதத்தைக் குறைக்குமே தவிர ‘மிஸ்’ என்பது இல்லை. டிரிஸ்டன்: ஐந்து சின்ன டிரோன்கள் தாமாகவே துரத்தும், திரை இரண்டு விநாடி உறைந்தாலும் அவை அடித்துக்கொண்டிருக்கும். இரண்டிலும் ஆஃப்டர்பர்னர், ஸ்கிராம், வெப் என்று மூன்றையும் பொருத்துங்கள். பைஃபா என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஸ்கில் அளவோடு போட்டு, ராக்கெட்டின் எட்டும் தூரத்தையும் கெபாசிட்டர் (கப்பலின் மின்சேமிப்பு) எத்தனை நிமிடம் தாங்கும் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு தூரம். பிளாஸ்டர் பீரங்கி வைத்த எதிரியிடமிருந்து விலகி நிற்க வேண்டும். அவற்றின் கடி சில கிலோமீட்டருக்குள்தான். ராக்கெட் கெஸ்ட்ரல் 7,500 மீட்டரில் ‘கீப் அட் ரேஞ்ச்’ போட்டு வெப்பால் அவரை இழுத்துப் பிடித்தால் அவர் காற்றைச் சுடுவார். எதிரி லேசரோ, நீண்டதூரப் பீரங்கியோ வைத்திருந்தால் நேர் எதிர்: 500 மீட்டரில் ஆர்பிட். குறுக்கு வேகம் விநாடிக்கு 500 மீட்டர் என்றால், 5,000 மீட்டர் தூரத்தில் அவருடைய பீரங்கி விநாடிக்கு 0.1 ரேடியன் திரும்பினால் போதும். 500 மீட்டரில் 1 ரேடியன் திரும்ப வேண்டும், திணறும். உங்கள் பீரங்கிக்கும் அதே கணக்குதான், ராக்கெட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

இந்த முடிவையெல்லாம் சண்டையில் எடுக்க நேரம் இருக்காது. ஃபேக்‌ஷன் வார்ஃபேர் (அணிகளுக்கு இடையிலான போர்) பகுதியில் சின்னக் கப்பல்களுக்கான வளாகத்துக்குள் போய்க் காத்திருங்கள். ஃப்ரிகேட் மட்டும்தான் உள்ளே வர முடியும், வருபவர் பீக்கன் என்ற அடையாளக் குறியின் அருகில்தான் வந்து விழுவார். அதாவது முதல் தூரத்தை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். பீக்கனிலிருந்து 7,500 மீட்டரில் நில்லுங்கள். டைரக்‌ஷனல் ஸ்கேனை, அதாவது சுற்றுவட்டாரக் கப்பல்களைக் காட்டும் கருவியை, ‘வி’ விசையால், சில விநாடிக்கு ஒரு முறை தட்டுங்கள். அதன் எல்லை 14.3 ஏயூ (ஒரு ஏயூ என்பது பூமி–சூரியன் தூரம்). வாசலில் எந்தக் கப்பல் என்று தெரிந்ததும் அவர் ஆயுதம் என்னவாக இருக்கும் என்று யூகித்து, ஆர்பிட் தூரத்தை மாற்றி வைத்து, ஸ்கிராமையும் வெப்பையும் முன்கூட்டியே ஓவர்ஹீட்டில் போடுங்கள். வெப் 10-இலிருந்து 13 கி.மீ. ஆகும். அவர் வந்து விழுந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது அவரை லாக் செய்வதும் (இலக்காகப் பிடிப்பதும்) நாலு விசை அழுத்துவதும்தான். முதல் பிடி விழுந்த பிறகு ஓவர்ஹீட்டை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்தால் மாட்யூல் கருகும், பக்கத்தில் உள்ளவையும் சூடேறும்.

கப்பலின் உடல் பாதியானால் தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, ஓவர்வியூ பட்டியலில் ஒரு கோளைத் தேர்ந்தெடுத்து, வார்ப்புக்கான ‘எஸ்’ விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். கப்பல் வெடித்த மறு டிக்கில் உங்கள் பாட் (விமானி தப்பும் கூடு) பறந்துவிடும். வெடித்த பிறகு கோளைத் தேடினால், 200 பிங்கில் பெரும்பாலும் பிழைக்க முடியாது.

கேள்வி: ஈவ் விளையாட்டில் துப்பாக்கியை அழுத்துகிறேன், ஒரு முறை சுட்டுவிட்டு நின்றுவிடுகிறது. பக் ஆ? – அருவங்காடு

நீங்கள் இரண்டு முறை அழுத்துகிறீர்கள். முதல் அழுத்தலுக்குத் திரையில் உடனே ஒன்றும் தெரியாததால் விரல் மறுபடி போகிறது. சர்வர் அதை ‘நிறுத்து’ என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே முறை அழுத்துங்கள். மனசுக்குள் ‘ஒன்று, இரண்டு’ எண்ணுங்கள். அதற்குப் பிறகும் பட்டன் பச்சையாகச் சுழலவில்லை என்றால் மட்டும் மறுபடி. சிவப்பாகத் துடித்தால் அணைந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: பிங் குறைக்கும் ஆப் என்று விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா? – குன்னூர்

உங்கள் பாதை கோணலாகப் போனால் மட்டும். டிரேஸ்ரூட்டில் லண்டனுக்குப் போகும் பாக்கெட் கிழக்கே சிங்கப்பூர் பக்கம் போய்த் திரும்பினால், அந்த ஆப் மும்பை வழியாக மேற்கே திருப்பிவிட்டுக் கணிசமாகக் குறைக்கலாம். பாதை ஏற்கெனவே மேற்கே நேராக இருந்தால் காசுதான் வீண். இலவசச் சோதனை நாட்களில் இரவு 9 மணிக்கு 100 பிங் அடித்து ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எலீட் டேஞ்சரஸில் எதிரி கப்பல் விட்டுவிட்டுத் தாவுகிறது. மற்ற விளையாட்டுகளில் அப்படி இல்லை. – மஞ்சூர்

2014 டிசம்பரில் வெளியான எலீட்டில் நடுவில் ஒரு சண்டைச் சர்வர் கிடையாது. ஆட்டக்காரர்களின் கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும். எதிரி பெங்களூரில் இருந்தால் வெண்ணெய் போல ஓடும், அமெரிக்காவில் இருந்தால் தாவும். 4ஜியிலும் சில சின்ன ஃபைபர் கம்பெனிகளிலும் ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் நேரடி இணைப்பு கிடைக்காமல் சுற்றிப் போகும், அதனால் இன்னும் மோசமாகும். பொது ஐபி தரச்சொல்லிக் கேட்டு, வெளி இணைப்பை உங்கள் கணினிக்கு வழிவிட ரவுட்டரில் யூபிஎன்பி-யையோ போர்ட் ஃபார்வர்டிங்கையோ போடுங்கள். ஆயுதத்தில், தாவும் எதிரிக்கு மெதுவாகப் பறக்கும் பிளாஸ்மா வேண்டாம். பட்டவுடன் படும் லேசர் சரி. ஜிம்பல் (தானே திரும்பும் தாங்கி) வைத்தால் குறியைக் கணினி பார்த்துக்கொள்ளும், ஆனால் எதிரி சாஃப் என்ற குறி குழப்பும் துகள்களை விட்டால் குழம்பும். அந்த விநாடிகளில் இலக்கு லாக்கை எடுத்துவிட்டு நேராகச் சுடுங்கள்.

கேள்வி: ஈவ் விளையாட்டில் பெரிய படைச் சண்டைக்கு அழைக்கிறார்கள். தனிச்சண்டையிலேயே லேக், அங்கே போனால்? – கூடலூர்

தயங்காமல் போங்கள். ஆயிரக்கணக்கானவர் ஒரே இடத்தில் கூடினால் சர்வர் காலத்தையே மெதுவாக்கும். டைம் டைலேஷன் என்று பெயர், 10 சதவீதம் வரை இறங்கும். அப்போது ஒரு விநாடி பத்து விநாடியாக நீளும். உங்கள் 200 மில்லி விநாடி ஒன்றுமே இல்லாமல் போகும். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்துச் சண்டை இப்படித்தான் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க நடந்தது. அங்கே இடறுவது நெட் அல்ல, உங்கள் கணினி. கன்ட்ரோல்–எஃப் அழுத்தி ஃபிரேம் எண்ணைப் பாருங்கள். 20-க்குக் கீழே போனால் டிரோன் உருவம், வெடிப்பு, பாதைக்கோடு எல்லாவற்றையும் அணைத்து, நிழலை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தினமும் எப்படிப் பயிற்சி செய்வது? எந்த நேரம் நல்லது? – வெலிங்டன்

ஈவ் சர்வர் தினமும் நம் நேரம் மாலை 4.30-க்குப் பராமரிப்புக்காக நின்று வரும். 5 மணியிலிருந்து 8 வரை மலை லைன்களும் காலி, விளையாட்டிலும் ஐரோப்பியக் கூட்டம் இன்னும் வரவில்லை. தனியாகச் சுற்றுபவர்கள் சிக்குவார்கள். ஐரோப்பியர் நிறைய வருவது நமக்கு நள்ளிரவுக்கு மேல்தான். படிப்பவர்கள் அதற்காகக் கண்விழிக்க வேண்டாம்.

ஒரே கப்பல், ஒரே பொருத்தம், பத்து வாங்கி அடுக்குங்கள். முதல் வாரம் நண்பர் ஒருவரோடு பாதுகாப்பான பகுதியில் ஸ்டேஷன் வாசலில் டூயல் (இருவர் சம்மதித்து மோதும் சண்டை) அழைப்பு போட்டு, தூரம் பிடிப்பதை மட்டும் செய்யுங்கள்: அவர் விலகப் பார்க்கட்டும், நீங்கள் 7,500-ஐ விடாதீர்கள். அடுத்த வாரம் சின்னக் கப்பல்களுக்கான அந்த வளாகம். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூன்றே மூன்று விஷயங்களை எழுதுங்கள்: முதல் லாக் விழுந்தபோது தூரம், எதிரியின் ஆயுதம், எந்த விசையைத் தாமதமாக அழுத்தினீர்கள். விளையாட்டு உங்கள் கணினியில் சேமிக்கும் சண்டைப் பதிவில் ஒவ்வொரு அடிக்கும் நேரமும் தரமும் இருக்கும். பீரங்கிக் கப்பல் ஓட்டும்போது ‘கிளான்ஸஸ் ஆஃப்’ என்ற சொல் வரிசையாக வந்தால், நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிச் சுற்றியிருக்கிறீர்கள். அடுத்த சண்டையில் ஆர்பிட்டை ஆயிரம் மீட்டர் கூட்டிப் பாருங்கள். பதிவில் எந்த அடியும் இல்லாமல் ஐந்தாறு விநாடி வெற்றாக இருந்தால் அது உங்கள் கை அல்ல, லைன். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கோத்தகிரி வாசகருக்குச் சொன்ன மூன்று பிங் சோதனைக்குப் போங்கள்.